தடித்த ஸ்பிரிங் எந்தப் பக்கம்

லோரெட்டா அந்தக் கம்பிக் கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றி எரியும். மூடி மறைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் என் ஓரகத்தி. என் புருஷன் கிளைடின் தம்பி இருக்கிறானே வெண்டல், அவன் பெண்டாட்டி. வெள்ளைச் செருப்பைப் போட்டுக்கொண்டு, பாவாடையில் மண் ஒட்டிவிடுமோ என்று இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ராணி மாதிரி போவாள். நான் கேலரிப் பலகையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டே பார்ப்பேன். வினிகரைக் கொஞ்சம் தூக்கலாகவே ஊற்றிக்கொள்வேன். முகம் கோணிப் போனால் வினிகர் மேல் பழியைப் போடலாம் அல்லவா.

எங்கள் பந்தயத் திடலில் மூன்று விஷயம் ஆகாது. பச்சைப் பெயிண்ட் அடித்த கார், வேர்க்கடலை, பொம்பளை. மூன்றும் ராசியைக் கெடுத்துவிடுமாம். கார்களை நிறுத்திச் சரிபார்க்கிற இடத்துக்குள் எந்தப் பெண்ணும் காலை வைக்க முடியாது. கதவோரம் ஹப் என்று ஒரு தடியன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். ஒரே ஒருத்திக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். கடைசிப் பெரிய பந்தயம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஜெயித்தவனின் பெண்டாட்டி இறங்கிப் போவாள், சேறு அப்பிய காருக்குப் பக்கத்தில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக நான் போன வருஷமே ஒரு மஞ்சள் கோட்டு வாங்கி வைத்துவிட்டேன். அது அலமாரியில் காகித உறையோடு தொங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கோடை முழுக்கக் கதவு லோரெட்டாவுக்குத்தான் திறந்தது.

அவளுக்கு என்ன தெரியும் சொல்லுங்கள். எந்த டயர் பெரியது என்றுகூடத் தெரியாது. கிளைட் ஓட்டுகிற எங்கள் இருபத்தேழாம் நம்பர் காரின் டயர் வேலை முழுக்க என்னுடையது. எங்கள் கார்கள் என்ன, முப்பதுகளில் வந்த பழைய இரண்டு கதவுக் கூப்பே கார்கள்தான். கூரையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டி எறிந்து, உள்ளே அசுரத்தனமான இன்ஜினைத் திணித்திருப்பார்கள். முட்டை வடிவ மண் பாதையில் இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வர வேண்டும். வலது கைத் திருப்பம் என்பதே கிடையாது. அதனால் வலது பின் டயர் இடதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். வாய் அகன்ற டம்ளரை மேசையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள், தானாகவே வட்டம் போடும். அதே கதைதான். தையல் டேப்பை டயரைச் சுற்றிப் பிடித்து அளப்பேன். போதாவிட்டால் காற்றைக் கூட்டி அடித்து வெயிலில் போட்டு வைப்பேன், ரப்பர் இளகிப் பெருக்கும். பழுக்கக் காய்ச்சிய கத்தியால் மேலே வரிவரியாகக் கீறிவிடுவேன், மண்ணைக் கவ்விப் பிடிப்பதற்கு. கையெல்லாம் சூட்டுத் தழும்பு. வெள்ளைச் செருப்புக்காரிக்கோ நகம்கூட உடைந்ததில்லை.

டயரில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. தோற்றதெல்லாம் ஸ்பிரிங்கில். போன குளிர்காலம் வரைக்கும் அண்ணன் தம்பி இருவரும் எங்கள் மாட்டுக் கொட்டகையில்தான் சேர்ந்து வேலை பார்த்தார்கள். திடீரென்று வெண்டல் தன் வீட்டுக்குப் பின்னால் தனியாக ஷெட் போட்டுக்கொண்டு போய்விட்டான். வசந்தத்தில் அவனுடைய எட்டாம் நம்பர் கார் வெளியே வந்தபோது நான் கேலரியிலிருந்து பார்த்தேன். வளைவில் மற்ற கார்கள் எல்லாம் குடிகாரன் மாதிரி சாய்ந்து தள்ளாடிப் போகும், வால் பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு ஓடும். அவன் கார் மட்டும் தரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனது. பழைய பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அடியில் வேறு ஏதோ வைத்திருக்கிறான் என்று ஊருக்கே தெரியும். என்ன என்றுதான் தெரியாது. பந்தயம் முடிந்து நிறுத்தின மறு நிமிஷம் பின்பக்கத்தில் தார்ப்பாயைப் போட்டு மூடிவிடுவான்.

கிளைடுக்கு வந்ததே பங்காளிக் காய்ச்சல்! பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை. பால் கறக்கும்போதும் அதே நினைப்பு, சர்ச்சில் பாட்டுப் பாடும்போதும் அதே நினைப்பு.

"அடியில என்னதான் வெச்சிருக்கான் அவன்?"

"கேட்டுப் பாரேன். தம்பிதானே."

"அவன்கிட்ட போய் நான் கேக்கறதா? அவனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கத்துக் குடுத்ததே நான்டி."

"அப்ப கேக்காத. இப்படியே மாட்டுகிட்ட புலம்பிட்டு இரு."

ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அது நடந்தது. சின்னப் பந்தயம்தான். மூன்றாம் வளைவில் முன்னால் போன கார் ஒன்று சுழன்று குறுக்கே நின்றுவிட்டது. வெண்டலின் கார் அதன் சக்கரத்தில் ஏறி, பல்டி அடித்து, கூரை கீழே சக்கரம் மேலே என்று விழுந்தது. சக்கரம் என்று பேருக்குச் சொல்கிறேன், பின்சக்கரம் இரண்டும் பிய்ந்து போய்விட்டன. ஒன்று வேலிவரைக்கும் உருண்டு வந்தது. லோரெட்டா "மாதாவே!" என்று அலறி என் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் படியில் தடதடவென்று இறங்கிக் கம்பிக் கதவுக்கு ஓடினோம்.

"ஹப், தொறங்க! என் வீட்டுக்காரர் அங்க கெடக்கறார்!"

"சட்டம்னா சட்டம்தாம்மா. ஆம்புலன்ஸ் போகுது பாரு, அழாத."

சிவப்புக் கொடி காட்டி எல்லாக் காரையும் நிறுத்தியிருந்தார்கள். எங்கள் இருபத்தேழிலிருந்து கிளைட் குதித்து இறங்கி ஓடினான். அந்த மனுஷன் அப்படி ஓடி நான் பார்த்ததே கிடையாது. பசு கன்று போடுகிறது என்று கத்தினால்கூட ஆடி அசைந்துதான் வருவான். அன்றைக்கு எல்லோருக்கும் முந்தி அவன்தான் போய்ச் சேர்ந்தான்.

"அக்கா, பாருங்க, கிளைட் அண்ணன் ஓடறார் பாருங்க!" என்று லோரெட்டா விசும்பினாள். அதற்குமேல் அவளால் பார்க்க முடியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர்.

நான் பார்த்தேன். வெண்டல் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். கிளைட் ஜன்னல்கிட்டப் போனான். நிற்கவில்லை. அப்படியே தாண்டிப் பின்பக்கம் போனான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவன் மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்து, மேலே திரும்பிக் கிடந்த அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேறு இரண்டு பேர் வந்து மண்டிபோட்டு, பெல்ட்டை அறுத்து, வெண்டலை வெளியே இழுத்தார்கள். தோளோரக் காறை எலும்பு முறிந்திருந்தது. மற்றபடி ஆள் நடந்துதான் ஆம்புலன்ஸில் ஏறினான்.

எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? நல்லாப் பாரு கிளைட், ஒன்றையும் விட்டுவிடாதே என்றுதான் தோன்றியது. லோரெட்டா என் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

மறுநாள் சர்ச்சிலிருந்து வந்ததும் கிளைட் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கொட்டகையில் சிமெண்ட் தரையைப் பெருக்கிவிட்டு, சாக்கட்டியால் வரைய ஆரம்பித்துவிட்டான். பின்சக்கரங்களை இணைக்கிற ஆக்ஸிலுக்கு ஒரு நீளக் கோடு. இரண்டு முனையிலும் சுருள் ஸ்பிரிங். அவை எங்கே மாட்டியிருந்தன, எந்தச் சாய்வில் நின்றன, எல்லாம் அச்சு அசலாக வந்தது.

"சூட்சுமம் என்னன்னு தெரியுமா எட்னா? ரெண்டு ஸ்பிரிங்கும் ஒண்ணில்ல! ஒண்ணு தடிச்ச கம்பி, ஒண்ணு மெல்லிசு!"

"ரெண்டு பக்கமும் வேற வேறயா? யாராவது அப்படிப் போடுவாங்களா?"

"அதானே! இந்தப் பள்ளத்தாக்குல ஒருத்தனுக்கும் தோணலையே. இதோ பாரு, இடது பக்கம் மெல்லிசு, வலது பக்கம் தடிப்பு. கார் இடது பக்கமா திரும்புது, பாரமெல்லாம் வலது பக்கம் விழுது. அப்ப வலதுலதானே தடிச்சது இருக்கணும்? அட, இது கண்ணு முன்னாடியே இருந்திருக்கு!"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. காரைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தப் படத்துக்கு நேர் மேலே நிறுத்தினோம். அவன் அடியில் படுத்து, படத்தைப் பார்த்து அளந்து பட்டை ஸ்பிரிங்கை அறுத்து எறிந்தான். உடைந்த லாரி ஒன்றிலிருந்து தடித்த சுருளும் பழைய காரிலிருந்து மெல்லிய சுருளும் கிடைத்தன. நான் பிரேக்கெட்டைப் பிடித்துக்கொண்டேன், அவன் வெல்டிங் வைத்தான். சிரித்துப் பேசிக்கொண்டு வேலை பார்த்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவ்வளவு ஒற்றுமை வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

நடுவில் லோரெட்டா செர்ரிப் பழத்தை மாவுக்குள் வைத்து ஒரு பை சுட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வண்டிச் சத்தம் கேட்டதும் கிளைட் வைக்கோல் மூடுகிற தார்ப்பாயை இழுத்து இருபத்தேழின் பின்பக்கத்தை மூடினான். எங்களுக்கும் மூடி வைக்க ஒரு ரகசியம் வந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

"கிளைட் அண்ணன் ஓடி வந்ததை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன் அக்கா," என்றாள் லோரெட்டா. "வெண்டல்கூடச் சொன்னார். தலைகீழாத் தொங்கிட்டு இருந்தப்ப செருப்புக் காலு மட்டும்தான் தெரிஞ்சுதாம். முதல்ல வந்தது செவப்புப் பெயிண்ட் கொட்டின ஷூவாம். அண்ணன் ஷூதான்னு உடனே தெரிஞ்சுபோச்சாம்."

கிளைட் வாயில் வைத்த துண்டை மெல்லாமல் நிறுத்திவிட்டான்.

"அது நேரா பின்பக்கம் போச்சாம். எந்த வழியா இழுக்கலாம்னு பாக்கப் போயிருப்பார், இல்லையா அண்ணே?"

"ம்," என்றான் கிளைட். "இன்னொரு துண்டு போடு எட்னா."

அந்தச் செர்ரி பை எவ்வளவு ருசியாக இருந்தது என்பது எனக்கு இன்னொரு எரிச்சல்.

அடுத்த வாரம் வெண்டலே வந்தான், வலது கையைக் கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு. நாங்கள் காரை முற்றத்தில் நிறுத்தி இன்ஜினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பாட்டுக்குக் கொட்டகைக்குள் போய்விட்டான். அவன் பிறந்து வளர்ந்த வீட்டுக் கொட்டகை, யாரைக் கேட்பான்? நாங்கள் பின்னாலேயே ஓடினோம். தரையில் சாக்கட்டிப் படம் பளிச்சென்று கிடந்தது. அவன் அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, வர்ற சனிக்கிழமை எட்டாம் நம்பரை நீ ஓட்டறியா? கார் ரெடி. டாக்டர்தான் என்னை ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாதுன்னுட்டார்."

"என்கிட்ட கார் இருக்கு," என்றான் கிளைட்.

"இருக்கு, இருக்கு. பாத்தாலே தெரியுது." வெண்டல் சிரித்தான். "உன் ஷூவை எனக்குத் தெரியாதாண்ணே? ஜன்னல்கிட்ட வந்துச்சு, அப்படியே பின்னாடி போயிருச்சு. சரி, அண்ணன் பாத்துட்டு வரட்டும்னு நானும் தொங்கிட்டே கெடந்தேன். எவ்வளவு நேரம்தான் பாப்பே? ரத்தமெல்லாம் மண்டைக்கு ஏறிப்போச்சு."

கிளைடின் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்: "வழி பாக்கத்தான் போனாரு."

"விடுங்க அண்ணி. பாத்ததும் பாத்தான், ஒழுங்காப் பாக்கக் கூடாதா?" அவன் குனிந்து இடது கையால் சாக்கட்டியை எடுத்தான். "கார் அப்ப கவுந்து கெடந்துச்சுண்ணே. பாத்த மாதிரியே தரையில வரைஞ்சுட்ட. அப்பறம் நிமிர்ந்த காரை அதே படத்து மேல கொண்டுவந்து நிறுத்தியிருக்க. எல்லாம் இடம் வலமாயிருச்சு. ரெண்டு டயரும் பிச்சுக்கிட்டுப் போகாம இருந்தா, பெரிய டயரைப் பாத்தே உனக்குப் புரிஞ்சிருக்கும். தடிச்சது இடது பக்கம்."

"பாரம் வலது பக்கம்தானே விழுது?" என்றேன் நான்.

"எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க அண்ணி. நானும் முதல்ல அப்படித்தான் போட்டேன். ஈரமா இருக்கறவரைக்கும் ஜோராப் போகும். மண்ணு காய்ஞ்சு வழவழன்னு ஆச்சுன்னா வலது டயரு பிடிக்காது, வாலு சுத்திக்கிட்டு முன்னாடி வந்துரும். வலதுல மெல்லிசு போட்டா டயரு மண்ணுல நல்லா உக்காரும்." படத்தில் தடித்த ஸ்பிரிங் பக்கத்தில் 'இடது' என்று கோணல் எழுத்தில் எழுதினான். "மாத்திப் போட்டுக்க. சின்ன வேலைதான்."

"இதை எதுக்கு எங்ககிட்ட சொல்றே?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அண்ணனாச்சே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கிளைட் படத்துக்கு முன்னால் மண்டிபோட்டு, கையைத் திருப்பித் திருப்பி, கவிழ்த்து நிமிர்த்திப் பார்த்தான்.

"அவன் சொல்றது சரியா இருக்குமோ எட்னா?"

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "உனக்கு மூளை இருக்கா? கோடை முழுக்கத் தார்ப்பாய் போட்டு மூடிட்டுத் திரிஞ்சவன், இன்னிக்கு வீடு தேடி வந்து சொல்றானாம், நீ நம்பறியாம்."

"தம்பி..."

"தம்பியாவது தும்பியாவது! நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லு. உன் ரகசியத்தை அவன் திருடிட்டுப் போய்த் தப்பா மாட்டியிருந்தா, நீ போய்த் திருத்துவியா?"

கிளைட் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "மாட்டேன்."

"என்ன பண்ணுவே?"

"விழுந்து விழுந்து சிரிப்பேன்."

"சரியா மாட்டியிருந்தா?"

"மாத்திப் போடுன்னு சொல்லிக் குழப்பிவிடுவேன்."

"அப்பறம் என்ன? நாம சரியா மாட்டியிருக்கோம். அவனுக்கு அடிவயிறு கலங்கிப்போச்சு. அதான் விஷயம்."

அவனுக்கும் அது நெஞ்சில் நன்றாக இறங்கியது. எனக்கோ அதைவிட நன்றாக இறங்கியது. ஈரத் துணியை எடுத்து வந்து வெண்டல் எழுதிய 'இடது' என்ற எழுத்தை நானே அழுத்தித் துடைத்தேன்.

சனிக்கிழமை மஞ்சள் கோட்டை உறையிலிருந்து எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு போனேன். ஆகஸ்ட் வெயிலில் கோட்டா என்று வழியில் இரண்டு பேர் கேட்டார்கள். சாயங்காலம் குளிரும் என்றேன். லோரெட்டாவும் வெண்டலும் எனக்குக் கீழ்ப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். கை ஒடிந்தால் பந்தயக்காரனும் பொம்பளைகளோடுதான் உட்கார வேண்டும் என்று சுற்றி இருந்தவர்கள் அவனைக் கேலி செய்தார்கள். எட்டாம் நம்பரை ஃப்ளாய்டிடம் கொடுத்திருந்தான். ஃப்ளாய்ட் பால் லாரி ஓட்டுகிறவன், நாற்பது வயசு ஆகியும் எந்தப் பெண்ணும் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை.

பந்தயத்துக்கு முன்னால் பாதைக்குத் தண்ணீர் அடிப்பார்கள். முதலில் நடக்கிற சின்னப் பந்தயத்தில் மண் களிமண்ணாக, பிடிப்பாக இருந்தது. எங்கள் இருபத்தேழு பறந்தது! வளைவில் துளி ஆட்டம் இல்லை. கிளைட் சுலபமாக ஜெயித்தான். நான் எழுந்து நின்று கத்தினேன். வெண்டலின் முதுகைப் பார்த்து, எப்படி, குழப்பிவிடப் பார்த்தாயே என்று மனசுக்குள் கேட்டேன். அவன் கை தட்டினான். நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய பந்தயம் தொடங்கும்போது விளக்கு போட்டுவிட்டார்கள். காற்று வறண்டு அடித்தது. கிளைட் முதலிலேயே முன்னால் போய்விட்டான். சுற்றச் சுற்ற மண் காய்ந்து, கார்கள் தேய்த்துத் தேய்த்து வளைவுகள் கறுப்பாகப் பளபளக்க ஆரம்பித்தன. இருபத்தேழின் வால் பக்கம் லேசாக வெளியே போனது. கிளைட் ஸ்டியரிங்கை ஒடித்து இழுத்துப் பிடித்தான். அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் போனது.

வெண்டல் திரும்பி என்னைப் பார்த்தான். "மாத்தலையா அண்ணி?"

"எதுக்கு மாத்தணும்?"

அவன் முன்பக்கம் திரும்பிக்கொண்டு நகத்தைக் கடித்தான்.

கிளைட்தான் இன்னும் முன்னால். எட்டாம் நம்பர் இரண்டாவதாக வந்து முட்டிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டே சுற்று என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு, படியிறங்கிக் கம்பிக் கதவுக்குப் போய்விட்டேன். யாரும் முடியும்முன் இறங்குவதில்லை. நான் இறங்கினேன். ஹப் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"இன்னிக்கு உங்க முறை போல இருக்கே எட்னா. கோட்டு அமர்க்களம்!"

"தாழ்ப்பாள்ல கைய வையுங்க ஹப்."

அவன் வைத்தான். கடைசிச் சுற்று. மூன்றாம் வளைவில் வால் வெளியே போனது, கிளைட் பிடித்துவிட்டான். நான்காம் வளைவில் போனது போனதுதான். பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு வந்தது. இருபத்தேழு முழுசாக ஒரு சுற்று சுற்றி, வழுக்கிக்கொண்டே வந்து, மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்பி, கம்பிக் கதவுக்கு நேர் எதிரே நின்று அணைந்தது. முன்கண்ணாடி இல்லாத கார். கிளைட் என்னைப் பார்த்தான், நான் கிளைடைப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் எட்டாம் நம்பர் தரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முடிவுக் கோட்டைத் தாண்டியது.

ஒலிபெருக்கி ஃப்ளாய்டின் பெயரைச் சொன்னது. அப்புறம், ஃப்ளாய்டுக்குத்தான் பெண்டாட்டி இல்லையே, கார்க்காரரின் மனைவியே வரட்டும் என்று லோரெட்டாவைக் கூப்பிட்டது. கேலரி முழுக்கச் சிரிப்பு. கிளைட் அந்தக் காரை ஓட்டியிருந்தால் கூப்பிட்டிருக்கும் பேர் என்னுடையது. அந்தக் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெள்ளைச் செருப்பு படியிறங்கி வந்தது. என்னைக் கண்டதும் நின்றது.

"அக்கா," என்றாள் லோரெட்டா. கோட்டைப் பார்த்தாள். பொத்தானெல்லாம் போட்டிருப்பதைப் பார்த்தாள். "வாங்க, சேர்ந்து போவோம்."

"நான் எதுக்கு? உன் பேரைத்தானே கூப்பிட்டாங்க."

"இவ்வளவு அழகாக் கோட்டுப் போட்டுட்டு வந்திருக்கீங்க. வாங்கக்கா."

அவள் முகத்தில் நக்கல் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு துளி கிடைத்திருந்தால் போதும், கையை உதறிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கிடைக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தருக்குத்தான் தொறப்பேன்," என்றான் ஹப்.

"இவங்க என் அக்கா. தொறங்க."

கதவு திறந்தது. இத்தனை வருஷம் மேலிருந்து பார்த்த மண்ணில் கால் வைத்தேன். அது காய்ந்து, சூடாக, வழுவழுவென்று இருந்தது. போட்டோக்காரன் கோப்பையை லோரெட்டாவிடம் கொடுத்து, என்னை இந்தப் பக்கம் நிற்கச் சொன்னான். சிரிக்கச் சொன்னான். அந்த நேரத்தில் வெண்டல் ஆம்பளைகள் வழியாகச் சுற்றிவந்து, வழக்கம்போல ஒற்றைக் கையால் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு எட்டாம் நம்பரின் பின்பக்கம் போனான்.

எனக்குத் தெரிந்தாக வேண்டும். நான் போட்டோக்காரனை விட்டுவிட்டுப் போய், மஞ்சள் கோட்டோடு மண்ணில் மண்டிபோட்டு, தலையைத் தாழ்த்திக் காருக்கு அடியில் பார்த்தேன். எங்கள் ஊர்க் கார்களில் ஸ்டியரிங் இருக்கிற பக்கம்தான் இடது, அது எது என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். தடித்த ஸ்பிரிங் இடது பக்கம்தான் இருந்தது.

வெண்டல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவன் சிரிக்கவில்லை. "பாத்துட்டீங்களா அண்ணி? மூடட்டுமா?"

"பொய் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா?" என்றேன். "நீ பொய் சொல்லியிருந்தா, வீட்டுக்குப் போய் உன்னை வாய் நெறையத் திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேனே."

அவன் தார்ப்பாயை மெதுவாக இறக்கினான். அந்தப் பக்கம் கிளைட் காரைவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, மஞ்சள் கோட்டு அம்மா, இங்க பாருங்க!" என்று போட்டோக்காரன் கூப்பிட்டான். எழுந்தேன். கோட்டு முழங்காலுக்குக் கீழே முழுக்கக் கறுப்பு மண். லோரெட்டா கோப்பையை ஃப்ளாய்டின் கையில் கொடுத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து என் முன்னால் மண்டிபோட்டாள். வெள்ளைச் செருப்பு மண்ணில் புதைய, அந்த அழுக்கைத் தட்டித் தட்டித் துடைத்துவிட்டாள். அதையும் நான் நின்று பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.